பத்தாயிரம் டாலர் ‘டொக்!’

அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு செல்லப்பிள்ளை இருந்தது. மார்க் 14 டார்பிடோ. ஒன்று சுமார் 10,000 டாலர். கப்பலுக்கு அடியில் போனாலே அதன் காந்தத்தை மோப்பம் பிடித்து வெடிக்கும் கருவி உள்ளே. பரம ரகசியம் சார்! அதற்குக் கையேடுகூட எழுதினார்கள். அச்சடிக்காமல் பெட்டகத்தில் பூட்டிவிட்டார்கள்.

சரி, அந்தக் கருவியை டெஸ்ட் பண்ணினார்களா? ஓ, பேஷாக! 1926-ல் ஒரு பழைய நீர்மூழ்கிமேல் இரண்டு டார்பிடோக்களை ஏவினார்கள். ஒன்று வெடிக்காமல் அடியில் புகுந்து போய்விட்டது, இன்னொன்று வெடித்தது. பாதிக்குப் பாதி, பாஸ்! பிறகு, சோதனைக்கு ஒரு பழைய கப்பல் தருகிறோம் என்றது கடற்படைத் தலைமை. ஆனால் நிஜக் குண்டு கூடாது, தப்பித்தவறி முழுகினால் தூக்கும் செலவு உங்களுடையது என்றது. டார்பிடோ கப்பலை மூழ்கடித்துவிடுமோ என்று கடற்படைக்கே கவலை!

போர் வந்தது. குறித்த ஆழத்துக்குக் கீழே கீழே போயிற்று டார்பிடோ. அதை வடிவமைத்த நியூபோர்ட் நிபுணர்களின் ஆழமானியில் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் டார்பிடோவின் தப்பு அதிலும் இருந்தது. திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதை. 1942 ஜூனில் அட்மிரல் லாக்வுட் ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் ஒரு மீன்வலையைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். 10 அடிக்கு வைத்தது 25 அடியில் ஓட்டை போட்டிருந்தது! தலைமையகத்தின் பதில்: உங்கள் டெஸ்ட் சரியில்லை.

1943 ஜூலையில் டினோசா நீர்மூழ்கியின் கேப்டன் டாஸ்பிட் கையில் சிக்கியது ‘டோனான் மாரு 3’. அடிபட்டு நின்றுவிட்ட ராட்சச ஜப்பானியக் கப்பல். மனிதர் நிதானமாக, பாடப்புத்தகம் சொன்னபடி நேர் செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக விட்டார். டொக். டொக். டொக். ஒன்றும் வெடிக்கவில்லை. கடைசி டார்பிடோவை விரயம் பண்ணாமல், கையோடு பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுவந்துவிட்டார், அர்ச்சனை செய்யத்தான்!

அங்கேதான் யாருக்கோ புத்தி வந்தது. கிரேனில் 90 அடி தூக்கி, கீழே இரும்புத் தகட்டின்மேல் போட்டுப் பார்த்தார்கள். குண்டுக்குப் பதில் டம்மி, வெடிப்பான் மட்டும் நிஜம். செங்குத்தாக விழுந்ததில் பத்துக்கு ஏழு ஊமை. 46 நாட் வேகத்தில் மோதும் அதிர்ச்சியில், தட்டி வெடிக்கவைக்கும் ஊசியே வளைந்து சிக்கிக்கொண்டது. சாய்வாக உரசினால் மட்டும் தப்பித்தது. அதாவது, நன்றாகக் குறிபார்த்தவருக்குத்தான் தண்டனை! இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் யுத்தம் தேவைப்பட்டது. ஒரு கிரேன் போதுமாயிருந்தது.

இலேசான, வலுவான உலோகத்தில் புது ஊசி வேண்டுமே? பேர்ல் ஹார்பரில் சுட்டு வீழ்த்திய ஜப்பானிய விமானங்களின் காற்றாடியைக் கடைந்து செய்துகொண்டார்கள்.