இரவு ரயிலில் நம்பிக்கையும் அச்சமும்: சங்கிலி, செருப்பு, எதிர்சீட்டுக்காரர் ஆகியோரை முன்வைத்து ஓர் ஆய்வு

எழும்பூரிலிருந்து தெற்கே கிளம்பும் இரவு ரயில்களின் ஸ்லீப்பர் பெட்டியே இவ்வாய்வின் களம். பாண்டியன், நெல்லை, முத்துநகர் என்று ரயில் மாறினாலும் முடிவு மாறவில்லை. இரண்டடுக்கு ஏசியை விலக்கிவிட்டோம்; அங்கே திரை தொங்குவதால் மனித இயல்பு கண்ணில் படுவதில்லை.

முதலில் நம்பிக்கை. பழைய பெட்டியானால் 72 படுக்கை, எல்எச்பி பெட்டியானால் 80. அத்தனை பேரும் முகம் தெரியாத ஒரு லோகோ பைலட்டை நம்பி வாயைப் பிளந்து தூங்குகிறார்கள். அவர் பேரென்ன, ராத்திரி சாப்பிட்டாரா என்று விசாரித்தவர் எவருமில்லை. கோயிலில்கூட இவ்வளவு நம்பிக்கை காணக் கிடைப்பதில்லை. சன்னதியில் நிற்கிறவர் மனம் பாதி வெளியே விட்ட செருப்பில் இருக்கும்.

ரயில்வேயோ அந்த லோகோ பைலட்டை இந்த அளவுக்கு நம்புவதில்லை. ஒரு நிமிடம் அவர் எந்த விசையையும் தொடவில்லையென்றால் இன்ஜினில் விளக்கு எரியும், பிறகு பஸ்ஸர் அலறும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். பிரேக்கின் மீதும் சந்தேகம்தான்: குழாயில் காற்றழுத்தம் இருந்தால்தான் சக்கரத்தை விடும், குழாய் அறுந்தால் பிடித்துக்கொள்ளும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவந்தது. அங்கே அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனது. ஆக, பெரிய பயங்களையெல்லாம் நிர்வாகமே குத்தகைக்கு எடுத்துவிட்டதால் பயணிக்கு மிஞ்சுவது சில்லறைப் பயங்களே.

சில்லறையில் தலையாயது சங்கிலி. பெட்டியை சீட்டுக்கடியில் உள்ள வளையத்தோடு பிணைத்துப் பூட்டுவார்கள். எதிர்சீட்டுக்காரர் பார்க்கும்போதுதான் பூட்ட வேண்டும் என்பது மரபு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்த்துச் சத்தம் எழுப்புவதுண்டு. செங்கல்பட்டு வருவதற்குள் "எதுவரைக்கும் சார்?" என்ற கேள்வி எழும். "விருதுநகர்" என்று பதில் வந்து, அந்த ஊரில் ஒரு மச்சினன் இருப்பதும் தெரியவந்துவிட்டால் வாழையிலைப் பொட்டலம் பிரியும். முன்பின் தெரியாதவரிடம் தின்பண்டம் வாங்கக் கூடாதென்ற எச்சரிக்கை மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைக் கட்டுப்படுத்தாது என்றே இருதரப்பும் கருதுகின்றன. கை கழுவ எழுந்தவர் சொல்கிறார்: "சார், பைய கொஞ்சம் பாத்துக்குங்க." எவருக்கு அஞ்சிச் சங்கிலி வாங்கினாரோ, அவரே இப்போது காவல். சங்கிலி மட்டும் கழற்றப்படுவதில்லை. இதற்கு விளக்கம் கேட்டபோது "அது அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்கள்.

செருப்பு விஷயத்தில் இந்த இணக்கமும் கிடையாது. சீட்டுக்கடியில் கைக்கெட்டாத தூரம் தள்ளுவோர், மின்விசிறிக் கூண்டின்மேல் வைப்போர் என இரு மரபினர் உண்டு. பின்னவருக்குக் கீழே படுத்திருப்பவரின் அச்சம் இன்னும் அளக்கப்படவில்லை. திண்டுக்கல் தாண்டிய இருட்டில் காலால் துழாவி, அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்வரும் மூன்றாம் பிரிவினரும் உண்டு. அவர்களைத் தனியாக ஆராய வேண்டும். அந்நேரம் விழித்திருக்க ஆள்தான் கிடைக்கவில்லை.