சிபில் வைத்தியர்

குன்றத்தூரைச் சுற்றி மனை விற்கும் தட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ‘வங்கிக் கடன் வசதி உண்டு’ என்று தட்டி சொல்லும்; அந்த வசதி யாருக்கு இல்லை என்பது வங்கிக்குப் போனால்தான் தெரியும். ‘சார், உங்க சிபில் ஸ்கோர் அடி வாங்கியிருக்கு’ என்ற ஒரே வரியோடு திரும்புகிறவரை டீக்கடையில் மடக்குபவர்தான் சிபில் வைத்தியர். மடிப்புக் கலையாத சட்டை, இரண்டு போன், பை நிறைய ஜெராக்ஸ். ‘தலைவரே, நாப்பத்தஞ்சு நாள். ஸ்கோர் எழுநூத்தம்பதைத் தாண்டலேன்னா எங்கிட்ட வந்து கேளுங்க’ என்பார். எங்கே வந்து கேட்பது என்பதை மட்டும் சொல்லமாட்டார். இவரிடம் விற்கச் சரக்கே இல்லை என்பது என் கட்சி. தப்பாக ஏறிய பதிவைத் திருத்தக் காசு வேண்டாம். உண்மையாக ஏறியதைத் திருத்த ஆளே கிடையாது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருப்பதுபோல் காட்டுவதில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

முதல் சிகிச்சை ரிப்போர்ட் எடுப்பது. 2000-இல் தொடங்கிய சிபிலையும் சேர்த்து நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. அதே அறிக்கையை வைத்தியர் ஐந்நூறு ரூபாய்க்குத் தருவார். அதில் மாதவாரியாகக் கட்டங்கள், எத்தனை நாள் தாமதம் என்று எண்கள். 000 என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் கட்டியாயிற்று என்று அர்த்தம். வந்தவரோ மூன்று முட்டையைப் பார்த்ததும் பள்ளிக்கூட ஞாபகத்தில் வெலவெலத்துப் போவார். வைத்தியர் அந்தப் பயத்தைத் தெளியவைக்காமல் ‘ச்’ கொட்டுவார். பீஸ் அங்கேயே இரட்டிப்பாகும். உண்மையான நோய், போன் வாங்கிவிட்டுக் கட்டாமல் விட்ட தவணை. அதற்கு அவர் கைவசம் உள்ள மருந்து செட்டில்மென்ட்: ‘நாப்பதுக்குப் பதினஞ்சு கட்டி முடிச்சிரலாம்.’ கணக்கு முடியும். ஆனால் ‘க்ளோஸ்டு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘செட்டில்டு’ என்று ஏறும். அடுத்துக் கடன் தர வருகிறவர் அதைப் பார்த்ததுமே பின்வாங்குவார். பிறகு வைத்தியர் ‘எங்கயாவது ஒண்ணு விழும்’ என்று ஐந்தாறு நிதி நிறுவனங்களில் மனுப் போடுவார். ஒவ்வொரு விசாரிப்பும் பதிவாகி, இருந்த ஸ்கோரும் இறங்கும்.

பதிவை அழிக்கமுடியாது என்பது குன்றத்தூருக்குப் புதுச் செய்தி அல்ல. இந்த ஊரில் பிறந்த சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த விஷயம் அது. அவருடைய பெரியபுராணத்தில், கிழவராக வந்த சிவன் நீட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படி, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் சபையில் வெளியே வந்தது. அதுவும் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை! சிபிலில் பாட்டனார் கடன் ஏறாது, மச்சானுக்குப் போட்ட ஜாமீன் ஏறும்.

‘ஆங்கிலத்தில் புகார் எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவருக்குக் காசு கொடுப்பதில்லையா?’ என்று கேட்கலாம். நியாயம்தான். அடைத்த கடன் அடையாததாகவே நிற்பதும், அதே பேருள்ள வேறொருவரின் கடன் நம் தலையில் ஏறுவதும் நடக்கிறவைதான். ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு அலைய நேரமில்லை. வங்கிக் கிளையில் உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்ல ஆளில்லை. அந்த வெற்றிடத்தில் முளைத்தவர்தான் வைத்தியர். ஆனால் மனு எழுதுகிறவர் எழுத்துக்குத்தான் கூலி வாங்குகிறார். தாசில்தார் கையெழுத்தை விற்பதில்லை. நம்மவர் கையெழுத்தையே விற்கிறார், கூடவே பான், ஆதார், ஓ.டி.பி. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு. ‘எனக்கு ஸ்கோர் நிஜமாகவே ஏறியதே’ என்பாரும் உண்டு. டியூவைத் தேதியில் கட்டி, கார்டை லிமிட்டுவரை தேய்க்காமல் இருந்தால் சில மாதங்களில் தானாகவே ஏறும். தானாக இறங்கிய காய்ச்சலுக்குத் திருநீறு போட்டவர் பேர் வாங்குவதில்லையா, அந்தக் கதைதான்.

தப்பான பதிவைப் பற்றிய புகார் 30 நாளில் தீராவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. வைத்தியர் இதை யாரிடமும் சொல்வதில்லை. தெரியாமல் இருக்கலாம்; தெரிந்திருந்தால் அதிலும் பாதி கேட்டிருப்பார்.