சர்வதேசப் பாடசாலை இலக்கணம்: நமுனுகுல உரை

சர்வதேசப் பாடசாலையாவது யாது என்ற கேள்விக்குக் கொழும்பார் கட்டணத்தை வைத்துப் பதில் சொல்வர். பண்டாரவளையார் கழுத்துப்பட்டியை வைத்துச் சொல்வர். நமுனுகுலையில், பசறை பஸ் வரும்வரை தேநீர்க்கடை வாங்கில் குந்தியிருப்போர், விடியற்காலையில் பிள்ளை எந்த வேனில் ஏறுகிறது என்பதை வைத்துச் சொல்வர். மூன்று விடையிலும் அதிவியாப்தி என்னும் தருக்கக் குற்றம் இருக்கிறது. கட்டணம் டியூஷனுக்கும் உண்டு, கழுத்துப்பட்டி நேசரிப் பிள்ளைக்கும் உண்டு, வேன் மீனுக்கும் உண்டு.

ஆகவே சட்டத்திடம் போவோம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கத்திடம் கொண்டுவந்தன. 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதற்கும் பிந்திய சட்டம் கதவடைத்தது. உங்கள் உதவியும் வேண்டாம், எங்களை விட்டுவிடுங்கள் என்று விலகி நின்ற சில பாடசாலைகள் மட்டும் தப்பின. நமது ஊவாவில் 1942இல், யுத்தகாலத்தில், கல்கிசைத் தாய்ப் பாடசாலையின் மலைக்கிளையாகத் தொடங்கிய குருத்தலாவை சென் தோமஸ் அவற்றில் ஒன்று. மற்றபடி அந்த வகை உயிரினம் இலங்கையில் இனிப் பிறவாது என்றே சட்டம் இயற்றியோர் நம்பினர்.

அவர்கள் கவனிக்காதது ஒன்று. பாடசாலை தொடங்கத்தான் தடை, கம்பனி தொடங்கத் தடை இல்லை. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1982இல் கொழும்பு இன்டர்நேஷனல் ஸ்கூல் வந்தது. அதன்பின் வந்தவை வரிசையாகக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டன. இன்று அவற்றை ஆள்வது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். சவர்க்காரம் செய்கிறவரும் சமன்பாடு சொல்லித்தருகிறவரும் அதன்படி ஒரே பதிவாளரின் பிள்ளைகள். இவற்றை ஒழுங்குபடுத்தப் போவதாகக் கல்வி அமைச்சர்கள் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அது அந்தப் பதவிக்குரிய கடமைகளில் ஒன்று.

முதல் இலட்சணம் இப்போது கையில் இருக்கிறது: சர்வதேசப் பாடசாலையாவது, ஒரு கம்பனி பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது. இதை வைத்துக்கொண்டு ஊவாவைப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் திடுக்கிட்டுத்தான் போவார். நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்த வகைப் பாடசாலைக்கு 100 ஆண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது.

1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் துரையின் தலையில் வைத்தது. ஓர் அறை ஒதுக்க வேண்டும், அதைப் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும், தகுதியுள்ள ஒரு வாத்தியாரை வைக்க வேண்டும். துரைக்கு மேலே கொழும்பில் ஏஜென்சி ஹவுஸ். அதற்கும் மேலே, பல தோட்டங்களுக்கு, இலண்டனில் பதிந்த ஸ்டேர்லிங் கம்பனி. ஆக, பள்ளியறையின் தகரம் ஒழுகினால் அந்தச் செய்தி முறைப்படி தேம்ஸ் நதிக்கரை வரை போகவேண்டும். போயிற்றா என்பது வேறு ஆராய்ச்சி. இன்றைக்குப் பதுளையிலும் பண்டாரவளையிலும் வாசலில் பல நாட்டுக் கொடி பறக்கவிடும் பாடசாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வருவது பரீட்சைத்தாள் ஒன்றுதான். அதுவும் புதிதல்ல. கேம்பிரிட்ஜ் பரீட்சை இலங்கைக்கு வந்தது 1880இல்.

பத்து வயதோடு சட்டத்தின் அக்கறை முடிந்தது. பிள்ளை பள்ளி இடாப்பிலிருந்து இறங்கிச் செக்ரோலில் ஏறியது. கல்வியும் தொழிலும் ஒரே நிறுவனத்துக்குள், ஒரே மலைச்சரிவில், ஒரு நாள் இடைவெளிகூட இல்லாமல் இணைந்த இந்த ஏற்பாட்டுக்கு நிகரான ஒன்றை எந்த நவீன விளம்பரத்திலும் காண முடியாது. படித்து முடித்தவர்க்கு வேலைவாய்ப்பு நூற்றுக்கு நூறு.

அடுத்து மாணவர்களின் நாட்டுரிமை. சர்வதேசப் பாடசாலை என்றால் வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கவேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. ஊவாவின் நகரப் பாடசாலைகளில் பல நாட்டுக் கொடியின் கீழ் ஒரே நாட்டுப் பிள்ளைகள் நிற்கின்றனர். தோட்டப் பாடசாலையிலோ கொடியே இல்லாமல் இந்த இலட்சணம் நிறைவேறியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் அந்த வாங்குகளில் இருந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வகுத்தது. ஐந்தாம் வகுப்பு விகிதக் கணக்காக இதைச் சுருக்கினால் 7க்கு 4க்கு 2. அதாவது, ஒப்பந்தத்தை வகுப்பறைக்கு இறக்கினால், 39 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 21 பேர் இந்தியர், 12 பேர் இலங்கையர், 6 பேர் அடுத்த பேச்சுவார்த்தை வரும்வரை திண்ணையில். 1974இல் அந்த 6ஐயும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆளுக்கு 3. மீதியில்லாமல் வகுபட்டதால் இந்தக் கணக்கைப் பாடப்புத்தகத்தில் சேர்த்திருக்கலாம். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து வாங்கு வாங்காக இப்படிப் பங்கிட்ட வகுப்பறை ஜெனீவாவிலும் கிடையாது.

பாடத்திட்டமும் கடல் கடந்ததே. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலிஎலப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தந்தை வாத்தியாராக இருந்த தோட்டப் பாடசாலையில் தொடங்கி, கும்பகோணத்தில் தொடர்ந்து, பதுளைக்குத் திரும்பிப் படித்தவர். இந்தப் படிப்பை இன்றைய கையேட்டு நடையில் சொன்னால் இரண்டு நாட்டு அனுபவமுள்ள மாணவர் பரிமாற்றம் என்றாகும். கட்டணமும் அதற்கேற்றபடி ஆகும்.

வெளிநாட்டு மேற்பார்வை இல்லாத பாடசாலை சர்வதேசப் பாடசாலை ஆகாது என்பர் சிலர். 1923 முதல் கண்டியில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். அவர் ஆண்டுதோறும் எழுதி அனுப்பிய அறிக்கையில் கூலி, சுகாதாரம், கப்பல் இவற்றோடு தோட்டப் பாடசாலைக்கும் இடம் இருந்தது. பதிந்த பிள்ளைகள் எத்தனை, வந்த பிள்ளைகள் எத்தனை என்று அது எண்ணியது. பிள்ளை என்ன படித்தது என்பதைவிடப் பிள்ளை வந்ததா என்பது எண்ணுவதற்கு எளிது. ஆண்டு முன்னேற்ற அறிக்கை எனும் இலக்கிய வகைக்கு இது இன்றளவும் மாறாத மரபு.

இனிக் கற்பித்தல் முறை. இங்கே சற்றுத் தங்கவேண்டும். தோட்டப் பள்ளி என்பது நீண்ட ஒற்றை அறை. தடுப்புச் சுவர் கிடையாது. முதலாம் வகுப்பு வடக்குச் சுவரைப் பார்த்து மணலில் ஆனா போடும். மூன்றாம் வகுப்பு கரும்பலகையின் முன்பக்கத்தைப் பார்க்கும், நான்காம் வகுப்பு அதே பலகையின் பின்பக்கத்தை. ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரி ஒருத்தி இரண்டாம் வகுப்புக்கு ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொடுப்பாள். வாத்தியார் ஒருவர். சில தோட்டங்களில் அவரே கங்காணி அல்லது கணக்கு எழுதுபவர். மழை பிடித்தால் தகரச் சத்தத்தில் எல்லா வகுப்புக்கும் மௌன வாசிப்பு.

இதைக் குறைபாடு என்று எழுதியவர்கள் நன்னூல் படிக்காதவர்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தெளிவாகக் கணக்குக் கொடுத்திருக்கிறார்: ஆசான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன்பயில்வோருடன் பழகுவதில் இன்னொரு கால். தான் பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் மீதி அரை. அப்படியானால் ஆசிரியர் நாள் முழுக்க நின்று பேசும் வசதியான வகுப்பில் உச்சப் பேறு 25 வீதம். வாத்தியார் கொழுந்து மடுவத்துக்குப் போய்விட்ட லயப் பள்ளியில், மேல் வகுப்புப் பிள்ளைக்கு 75 வீதம். மரியா மொண்டிசோரி அம்மையாரும் கலப்பு வயது வகுப்பையே வற்புறுத்தினார், 1944இல் இலங்கைக்கும் வந்தார். அவர் தத்துவமாகச் சொன்னதைத் தோட்ட நிர்வாகம் செலவைக் குறைக்கும் பொருட்டு முன்பே நடைமுறைப்படுத்தியிருந்தது. மேதைகள் சிக்கனத்தால் ஒன்றுபடுகின்றனர்.

மதிப்பீட்டுக்கு வருவோம். நகரத்துப் பாடசாலைகளில் இப்போது பாஸ், பெயில் என்ற பழைய நாகரிகமற்ற சொற்கள் இல்லை. தவணை முடிவில் வழவழப்பான அட்டை ஒன்று தருகிறார்கள். அது தரப்படும் காட்சி ஏறத்தாழ இப்படி இருக்கும்.

"மிஸ், மகன் எப்படிங்க படிக்கிறான்? பாஸாங்களா?"

"நாங்க அப்படிப் பார்க்கிறது இல்லைம்மா. கணக்கில வளர்ந்து வர்றார்னு போட்டிருக்கிறோம். விஞ்ஞானத்திலயும் வளர்ந்து வர்றார்."

"அது எனக்கும் தெரியுதுங்க மிஸ். தைப்பொங்கலுக்கு எடுத்த சப்பாத்து இப்பவே பத்தமாட்டேங்குது."

தாயின் அளவுகோல் மேலானது என்றே நான் கருதுகிறேன். சப்பாத்துக்கு இலக்கம் உண்டு. தோட்டமும் இலக்கத்தையே நம்புகிறது. அங்கே கொழுந்து நாளுக்கு மூன்று தடவை நிறுக்கப்படும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். தொடர் மதிப்பீடு என்று ஆசிரியர் பயிற்சி வகுப்பில் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். பவணந்தியாரும் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. முதல் தர மாணவர் அன்னமும் பசுவும், நடுத்தரம் மண்ணும் கிளியும், கடைத்தரம் ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டுச் சொல்லில் தரச்சான்று முடித்துவிட்டார். மகன் நெய்யரி என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த தவணைக் கட்டணம் வராது என்பதால் இம்முறை இன்று வழக்கில் இல்லை.

கட்டணம் என்றதும் பூர்வபட்சக்காரர் எழுந்து நிற்கிறார். தோட்டப் பள்ளியில் காசு வாங்கவில்லையே, பிறகு எப்படி அது சர்வதேசப் பாடசாலை என்கிறார். ஆட்சேபம் கனமானதே. பாடஞ்சொல்லத் தக்கவர் இன்னார் என்று நன்னூல் அறுவரைப் பட்டியலிடுகிறது: தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருளை மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை விளங்கிக்கொள்பவன். காசு கொடுப்பவன் நான்காம் இடத்தில் இருக்கிறான். விளங்கிக்கொள்பவன் ஆறாம் இடத்தில், அதுவும் கடைசியில். இந்த வரிசை முறையை மாற்றும் தைரியம் 800 ஆண்டுகளாக எந்த அனுமதிக் குழுவுக்கும் வரவில்லை.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலை துரையிடமே இருந்தது. 1970களின் பிற்பகுதியில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. தோட்டங்களும் அதற்குச் சற்று முன்பு அரசுடைமையாயின. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் திரும்பிப் போனது. இந்த மலையின் பேரைத் தாங்கிய நமுனுகுல பிளான்டேஷன்ஸும் அப்போது பிறந்ததுதான். தேயிலையும் ஸ்டோரும் பங்களாவும் கம்பனிக்குப் போக, பள்ளியறை அரசாங்கத்தோடு தங்கிவிட்டது. கம்பனிக் கல்வி அத்துடன் தோட்டத்தை விட்டு இறங்கி, நகரத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டது. ஆகவே கட்டணமின்மை இலக்கணப் பிழை அல்ல, வளர்ச்சிப் படி. முதலில் கம்பனி பிள்ளைக்கு இலவசமாகப் படிப்பித்துப் பிறகு உழைப்பாகப் பிடித்துக்கொண்டது. இப்போது பெற்றோரின் உழைப்பை முதலில் பிடித்துக்கொண்டு பிறகு படிப்பிக்கிறது. வரவு ஒன்றுதான், பதியும் திகதி மாறியிருக்கிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயமானது. கிடைத்த கட்டணச் சீட்டை அதனால் வகுத்துப் பார்ப்பது பெற்றோருக்கான வீட்டுப்பாடம். அப்படியும் அந்த வேனில் லயத்துப் பிள்ளைகள் சிலர் ஏறுகிறார்கள். அவர்களின் தாய்மார் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.

முன்னேற்றத்தை ஆண்டுவாரியாக அளக்க விரும்புவோருக்கு 2022 சிறந்த ஆண்டு. மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, அச்சிடக் கடதாசி இல்லை என்று ஒத்திவைக்கப்பட்டது. இலண்டன் பரீட்சைக்குக் கடதாசி இருந்தது, அதன் கட்டணத்துக்கு ரூபாய்தான் காணாமற்போனது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. ஒரு பிள்ளை ஒரு பாடமும் கூடுதலாகப் படிக்காமலே, அதன் படிப்பின் பெறுமதி மூன்றே மாதத்தில் முக்கால் பங்கு உயர்ந்த ஆண்டு வேறில்லை.

இவ்வாண்டின் முன்னேற்றம் பற்றி ஆதாரபூர்வமாக அறிய வேண்டியவர்கள் பரிசளிப்பு விழாப் பேச்சை நம்பியிருக்க வேண்டியதில்லை. சட்டப்படி ஒவ்வொரு கம்பனியும் தன் ஆண்டு விவரத்திரட்டைக் கம்பனிப் பதிவாளருக்குக் கொடுக்கிறது. பணிப்பாளர் யார், பங்கு எத்தனை, பதிவு அலுவலகம் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகளுக்கு அதில் கட்டம் இல்லை. செக்ரோலில் இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என்று தனித்தனி விகிதமே வைத்திருந்தார்கள்.