மைக் சரியில்லை

மார்கழி மாதத்தில் சபாவின் மூன்றாம் வரிசையில் ஓர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, மடியில் குறிப்பேட்டை விரித்து, பாடுகிறவர் வயிற்றில் புளியைக் கரைப்பவர் இசை விமர்சகர். அவருக்கு இலவசப் பாஸ் உண்டு; கேன்டீனில் தனி மரியாதை உண்டு; கச்சேரி பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகும் சுதந்திரமும் உண்டு. இத்தனை சுகத்தையும் ஒருநாள் அவரே கெடுத்துக்கொள்கிறார். பழைய விமர்சனங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டுவிடுகிறார்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும் பதிப்பாளர் மெல்ல ஆரம்பிப்பார். "சார், நீங்க நாலு ஊர் போய்ப் பேசினாத்தான் புத்தகம் நகரும்." அதை நகர்த்தப்போவது யார் என்பது எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வந்த பிறகுதான் விமர்சகருக்குத் தெரியும். சணல் கயிறு கட்டிய இரண்டு புத்தகக் கட்டுகள் விரலை அறுக்க, மூச்சு வாங்கியபடி படியேறுவார். அப்போதெல்லாம் அவருக்கு ஆறுதல் முன்னோர்கள்தான். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய கல்கியும், டெல்லியிலிருந்து வித்வான்களை ஆட்டிவைத்த சுப்புடுவும் தம் பரம்பரை என்பது அவர் எண்ணம். இரண்டாம் உலகப் போரின்போது சுப்புடு பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்தவர். லாட்ஜில் லிப்ட் வேலை செய்யாத நாட்களில், மூன்றாம் மாடிக்கு ஏறும்போது இந்தத் தகவல் மிகவும் உதவும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் அவருக்குக் கிடைப்பது சைடு அப்பர். கீழே ஓர் இளைஞனின் கைப்பேசி அடிக்கும். விமர்சகர் தலையைத் தொங்கவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"தம்பி, அது என்னன்னு தெரியுமா?"

"ரிங்டோன் சார்."

"ஆபேரிப்பா! 1962ல வந்த கொஞ்சும் சலங்கை. ஜானகி குரல், காருகுறிச்சி நாதஸ்வரம். ஆனா பழைய ஆபேரிக்குச் சுத்த தைவதம்தான், தெரியுமோ?"

அந்த இடத்தில் சதுஸ்ருதி தைவதம் எப்படி நுழைந்தது என்பதை அவர் விழுப்புரம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். இளைஞன் செங்கல்பட்டிலேயே போர்வைக்குள் நுழைந்திருப்பான்.

ஊர்ப்பெருமை பேசாமல் எந்த மேடையிலும் கைதட்டல் வாங்க முடியாது என்பதால், ஊருக்கொரு குறிப்புச் சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கும். மதுரைக்கு, 1916ல் அங்கே பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, கூடவே மணி ஐயர், சோமு. எட்டயபுரம் பக்கம் போனால், 1835ல் அங்கே அடங்கிய முத்துசுவாமி தீட்சிதர். தஞ்சாவூருக்கு ஆபிரகாம் பண்டிதர். பண்டிதர் சித்த மருத்துவர். மருந்தில் சம்பாதித்ததைச் சங்கீத ஆராய்ச்சியில் போட்டு 1917ல் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டவர். நம்மவர் கதை நேர்மாறு. சங்கீதத்தில் சம்பாதிப்பது மருந்துக்குப் போகிறது.

இந்தச் சீட்டு வித்தை கோவில்பட்டியில் மட்டும் பலிக்காது. "காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த மண்ணிலே நின்றுகொண்டு..." என்று அவர் குரலை உயர்த்தும்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்திருப்பார்.

"அவுக வாசிச்சு நீங்க நேர்ல கேட்டிருக்கீகளா?"

காருகுறிச்சி மறைந்தது 1964ல். விமர்சகர் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. "ரெக்கார்டில்..." என்று இழுப்பார்.

"நான் கேட்டிருக்கேன். இங்க குடுங்க அதை."

மைக் கை மாறும். கோயில் கொடையில் விடிய விடியக் கேட்ட வாசிப்பைப் பெரியவர் பத்து நிமிஷம் சொல்லுவார். தோடி என்ற பெயரே வாயில் வராது, சபை அசையாது. அன்றைய கூட்டத்தின் சிறந்த பேச்சு அதுதான் என்பது விமர்சகர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

மேடை ஏறிய மூன்றாவது ஊரிலேயே ஆள் மாறிவிடுவார். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், வெந்நீர் பிளாஸ்க் எங்கே என்பார். பேச எழுந்ததும் முதல் வேலையாகத் தொண்டையைச் செருமி, "மைக் சரியில்லை" என்பார். பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் தலைகளை எண்ணுவார். 'நேரக் கட்டுப்பாடு அறியாத வித்வான்' என்று எத்தனையோ பேரைக் குத்தியவருக்கு, செயலாளர் நீட்டும் துண்டுச் சீட்டு கண்ணில் படாது. ராகம் தானம் பல்லவியின் நுணுக்கங்களுக்கு அவர் வரும் நேரம் பார்த்துப் பின்பக்கம் போண்டா வாசனை கிளம்பும். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைக் கண்டித்து வருடா வருடம் ஒரு பத்தி எழுதுகிறவர் அவர். அந்தப் பத்தியைப் பெரும்பாலும் கேன்டீனில் உட்கார்ந்துதான் எழுதுவார். இப்போது கூட்டம் எழுந்து போகிற திசையைப் பார்த்தபடி பல்லவியைத் தனியாக முடிப்பார்.

பிறகு கேள்வி நேரம். முதல் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான்: "இளையராஜாவா, ரஹ்மானா?" புத்தகத்தில் இரண்டு பேருமே இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியாது, புத்தகத்தைப் பாராட்டிச் சிறப்புரை ஆற்றியவருக்கும் தெரியாது. இரண்டாவது கேள்வி கொஞ்சம் காரம்: "நீங்க பாடுவீங்களா சார்?"

இதற்குப் பதில் தயாராக இருக்கும். "சமைக்கத் தெரியாதவனுக்கும் சாம்பாரில் உப்பு கூடினால் நாக்கு சொல்லும் ஐயா."

"உப்பு கூடிப் போச்சுன்னு சொல்லுங்க, வேண்டாங்கல. நீங்க இலையையே தூக்கி வீசிடுறீங்களே!"

சிரிப்பு அடங்குவதற்குள் செயலாளர் தம் பேத்தியை மேடைக்கு அழைத்துவிடுவார். குழந்தை ஒரு பாட்டுப் பாடும். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். "உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணும்" என்று தாத்தா கைகூப்பி நிற்பார். சங்கீத கலாநிதிகளுக்கே சலுகை காட்டாத பேனா அது. ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட் தாத்தாவின் பையில் இருக்கிறது. "நல்ல எதிர்காலம் இருக்கு" என்பார் விமர்சகர்.

வழியனுப்பும்போது ஒரு பொன்னாடையும், ஓர் எலுமிச்சம்பழமும், "மனசுல வெச்சுக்காதீங்க" என்ற முன்னுரையோடு ஒரு கவரும் கிடைக்கும். பேசிய தொகையில் பாதிதான் இருக்கும். சபாக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று இளம் பாடகர்கள் அவரிடம் அழுதபோது, கலைக்கு விலை பேசலாமா என்று கேட்டவர் அவர். ரயிலில் அந்தக் கவரை இரண்டு தரம் எண்ணிப் பார்ப்பார்.

மறுநாள் காலை ஊர் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். 'நூலாசிரியரின் உரையில் விஷயம் இருந்தது, விறுவிறுப்பு இல்லை. பிற்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். போண்டா நன்று.'

விமர்சகருக்கு ரத்தம் கொதிக்கும். செய்தி ஆசிரியரின் எண்ணைத் தேடிப் பிடித்து, பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பிப்பார்: "யார் சார் அந்தப் பையன்? பேச்சைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? முதல்ல ஒரு தடவை மேடை ஏறிப் பேசிப் பாக்கச் சொல்லுங்க சார், அப்புறம் எழுதட்டும்!"