மின்னல் குறி இருக்கா?

லேப்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி-சி ஹப் வாங்க வேண்டும் என்று எங்கள் ஊர் அண்ணன் ஒருவரிடம் மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். என்ன விலையில், எந்தக் கடையில் என்ற பேச்சே வராது. "எங்க, ஓட்டைய காட்டு" என்பார்.

தே தாரிக் மேசைக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் லேப்டாப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும், கைத்தொலைபேசியின் டார்ச் எரியும். ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத அந்த ஓட்டையை, கொழுந்துக் கூடையை நிறுப்பதற்கு முன் கைவிட்டுக் கிளறிப் பார்க்கும் தோட்டத்துக் கிராணியைப் போல, முதலிலேயே சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அவர் தேடுவது ஓட்டைக்குப் பக்கத்தில் பொடியாக அச்சடித்திருக்கும் குறியை. மின்னல் போட்டிருந்தால் முகம் மலரும்: தண்டர்போல்ட். டி, பி என்ற இரண்டு எழுத்துகள் பின்னிக்கிடந்தால் தலையாட்டுவார்: படம் வரும். குறியே இல்லை என்றால்தான் ஆபத்து. லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை எழுத்தெழுத்தாக வாசிப்பார். அந்த நேரம் பார்த்து ரொட்டி சானாய் வரும். சாப்பிட இடம் இருக்காது.

கல்யாண வீட்டில் இதைச் செய்திருக்கிறார். பிரிஞ்சாங் கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்தில், ஒரு பையனின் பையைத் திறக்கச் சொல்லிச் செய்திருக்கிறார். பையன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பையில் லேப்டாப் இருப்பது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். பொதுவாகச் சொல்கிறேன். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். மெயின் ரோட்டில் பச்சை ஜாக்கெட் போட்டு நடமாடுகிறவரைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், அண்ணன் சொல்வது சரி. 2014இல் யுஎஸ்பி-சி வந்தபோது, எப்படித் திருப்பிச் சொருகினாலும் நுழையும் என்று உலகமே மகிழ்ந்தது. மறு வருஷமே தண்டர்போல்ட் 3 அதே ஓட்டைக்குள் குடிவந்துவிட்டது. இப்போது ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஓட்டைகளில் ஒன்று நொடிக்கு 40 கிகாபிட் ஓட்டும், இன்னொன்று 480 மெகாபிட்டோடு மூச்சுவாங்கும். ஒன்றில் திரைக்குப் படம் போகும், இன்னொன்றில் போகாது. கேபிளிலும் இதே கதைதான். செய்தவர்கள் வெளியில் தெரிகிறமாதிரி செய்திருந்தால் அண்ணனுக்கு டார்ச் எதற்கு?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோலாலம்பூரில் வேலை பார்த்த பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் மலைக்கு வந்தார்கள். சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணனுக்கு அதுதான் பொற்காலம். ஒரு பெண் இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டை உள்ள ஹப்பை ஆன்லைனில் வாங்கி, மேக்புக் ஏரில் சொருகி, இரண்டு மானிட்டரிலும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எம்1, எம்2 ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் தானாக ஏற்கும், இரண்டு வேண்டுமானால் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் வாங்கி டிரைவர் போடவேண்டும் என்று அண்ணன் விளக்கினார். நல்ல விளக்கம். வாங்குவதற்கு முன்பும் அவள் அவரைத்தான் கேட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவர் ஓட்டையில் மின்னலைத் தேடிக்கொண்டிருந்தார். தேடி முடிவதற்குள் பெட்டி வந்துவிட்டது.

வாட் கணக்கும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவர் சொல்லமாட்டார். பெட்டியில் 100 வாட் என்று போட்டிருக்கும். பல ஹப்புகள் 10, 15 வாட்டைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்கு விடும். ஹப் சுடவும் செய்யும். இந்தக் குளிரில் அது ஒரு வசதி என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஹோம்ஸ்டே வைத்திருக்கும் அக்கா அவரைக் கேட்காமலேயே அறுபது வெள்ளிக்கு ஒரு ஹப் வாங்கினார். சொருகினார், பெரிய டிவியில் படம் வந்தது, நிம்மதியாக இருந்தார். அண்ணன் போய் மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். "பாருங்கக்கா, இழுக்குது. 30 ஹெர்ட்ஸ்தான் வருது." உண்மைதான். படமும் டேட்டாவும் அந்த ஒரே கேபிளின் வழியைப் பங்கு போட்டுக்கொள்வதால் மலிவான ஹப்புகளில் 4கே படம் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆனால் அக்காவுக்கு அதுவரை எதுவும் இழுக்கவில்லை. இப்போது நாள்முழுக்க இழுக்கிறது. வேறு ஹப் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒருமுறை தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம். வெளியே கொட்டுகிற மழை. ஆசிரியையின் புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ ஓட்டை கிடையாது, பழைய புரொஜெக்டரில் விஜிஏ தவிர வேறு எதுவும் கிடையாது. போன் செய்ததும் அண்ணன் ஜாக்கெட்டை நனைத்துக்கொண்டு வந்தார். பையிலிருந்து ஒன்றை எடுத்தார், அதன் வாலில் இன்னொன்றைச் சொருகினார், சுவரில் படம் விழுந்தது. டார்ச் அடிக்கவில்லை, மின்னல் தேடவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. கூட்டம் முடியும்வரை பின்வரிசையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டுப் போனார். அன்று அவர்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் வந்தது.

போகும்போது வாசலில் மடக்கிக் கேட்டேன்: "அண்ணே, அது என்ன பிராண்டு?"

"இதுவா? இது பழசு. இப்ப வராது" என்று பையின் ஜிப்பை இழுத்தார்.

அதுதான் என் புகார். இத்தனை வருஷத்தில் ஒரு பெயர் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பெயர் சொன்னால் நாம் வாங்கிவிடுவோம். வாங்கியது புகைந்தால் "நீங்கதானே சொன்னீங்க" என்போம். லோ யாட் பிளாசாவில் வாங்கியதை மாற்றுவதென்றால் தாப்பா வளைவுகளில் இறங்கி 200 கிலோமீட்டர் போகவேண்டும், அந்தப் பாவம் தன் தலையில் விழும் என்று பயம். பயப்படட்டும், தப்பில்லை. "எனக்குத் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டாலும் நான் பாட்டுக்கு அறுபது வெள்ளி ஹப்பை வாங்கி, இழுக்கிற மவுஸோடு சந்தோஷமாக வாழ்ந்திருப்பேன். அதையும் சொல்லமாட்டார். "அவசரப்படாதே, உன் மாடலுக்கு நான் பார்த்துச் சொல்றேன்" என்பார்.

பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாங்கிய மானிட்டர் பெட்டியைப் பிரிக்காமல் அலமாரிமேல் இருக்கிறது. அதற்கு மூன்று வருஷ வாரண்டி, அது ஓடிக்கொண்டிருக்கிறது.