மாப்பிள்ளைக்கு இடது கை வராது

மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் பாதி கொடைக்கானலுக்கு ஏறும். கோடை விழா, பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியைச் சுற்றிக் குதிரை, குதிரைக்குப் பின்னால் கார், காருக்குப் பின்னால் இன்னும் ஆயிரம் கார். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு வேன் மட்டும் எதிர்த்திசையில் கீழே இறங்கும். அதில் நாங்கள் இருப்போம். இறங்குவதற்கு யாரும் பாஸ் கேட்பதில்லை. இந்த வெயிலில் கீழே போகிறவர்களிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

போகிற இடம் பெரியகுளம். மலையின் தெற்கு அடிவாரம், மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். மாம்பழத்துக்காகப் போகிறோம் என்று வீட்டில் சொல்வோம், நம்பமாட்டார்கள். சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அங்கேதான் நடக்கிறது. 60 தடவைக்கு மேல் நடந்துவிட்டது. ராணுவம், விமானப்படை, லோனாவாலாவிலிருந்து கடற்படை, கேரள மின்வாரியம் என்று முப்படையும் மின்சாரமும் வந்து மின்னொளியில் மோதும். இந்தியக் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1980 மாஸ்கோவில் மட்டும்தான். அங்கே ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. பெரியகுளம் கேலரியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டால், அந்த மாஸ்கோ டீமுக்கு நம்ம ஆட்கள் யாரும் போகாததுதான் காரணம் என்று தெரிந்துவிடும்.

எங்களுக்குக் குலதெய்வம் சென்னையிலிருந்து வரும் வங்கி அணி. ஐ.ஓ.பி.யா, இந்தியன் வங்கியா என்று சொல்லமாட்டேன். நாளைக்கு இன்னொன்றில் நகைக்கடன் கேட்டுப் போக வேண்டியிருக்கும்.

புதுப் பையன் ஒருவன் அணிக்குள் வந்துவிட்டால் போதும், கேலரியில் மாப்பிள்ளை பார்க்கும் படலம் தொடங்கிவிடும். முதல் கேள்வி உயரம். இரண்டாவது, வேலை நிரந்தரமா, உதவித்தொகை மட்டும்தானா. மூன்றாவதாகத்தான் ஆட்டம். அதிலும் குறை கண்டுபிடிக்காமல் எழுந்தால் சம்பந்தி வீட்டாருக்கு மரியாதை இல்லை. எங்கள் குழுவில் குறை கண்டுபிடிக்கும் பொறுப்பு பூம்பாறைப் பூண்டுக்காரருடையது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மனிதர் எதையும் சான்றிதழ் இல்லாமல் ஏற்றுக்கொள்வதில்லை. நாலு நிமிடம் பார்ப்பார். பிறகு தீர்ப்பு: “பையனுக்கு இடது கை வராது.”

அந்தப் பையன் அடுத்த நிமிடமே இடது கையால் லே-அப் போட்டுவிட்டால்? “பழக்கம் இல்லாம போட்டுட்டான்.”

இவருக்கு எதிர்க்கட்சி பி.டி. மாஸ்டர். ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியும் கழுத்தில் விசில் இல்லாமல் மூச்சுவிடத் தெரியாதவர். படித்தது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-இல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். ஆகவே மாஸ்டர் தன்னை நெய்ஸ்மித்தின் நேரடி வாரிசாகக் கருதுகிறார். குரு பரம்பரை என்றால் சும்மாவா? அவருக்குக் கையைப் பற்றி அக்கறையே இல்லை. கால்தான். “கால் சரியா விழுந்தா கை தானா வரும் சார். இவன் கால் அண்ணாந்து பாக்குது.”

கால் எப்படி அண்ணாந்து பார்க்கும் என்று கேட்டவர்கள் யாரும் மறுபடி கேட்டதில்லை.

மாஸ்டரின் பேரன் விடுமுறைக்கு வந்து எங்களோடு ஒட்டிக்கொண்டவன். அவனுக்கு எல்லாமே ஸ்டீபன் கரி. “தாத்தா, அவர் ஆறடி ரெண்டங்குலம்தான். தூரத்துலேர்ந்தே போடுவார். உயரமெல்லாம் பழைய கதை.” இது பூண்டுக்காரருக்குத் தேன். அவர் உயரம் 160 சென்டிமீட்டர். மக்ஸி போக்ஸ் என்ற வீரரும் அதே 160 சென்டிமீட்டர்தான், அவர் என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார் என்று எவனோ சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இவர் பேச்சில் ‘எங்களைப் போன்ற உயரக்காரர்கள்’ என்றொரு தொடர் புழங்குகிறது.

உயரக் கட்சியில் நானும் உண்டு. எங்கள் துருப்புச்சீட்டு சத்னம் சிங். பஞ்சாப் கிராமத்துப் பையன், ஏழடி இரண்டங்குலம், 2015-இல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்த முதல் இந்தியர். “சரி, அப்புறம்?” என்பார் பூண்டுக்காரர். அப்புறம் அவர் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்பார்.

இத்தனை வாதத்தில் ஒன்றை மட்டும் யாரும் தொடுவதில்லை: ஃப்ரீ த்ரோ. கோட்டிலிருந்து போர்டு நாலரை மீட்டர் சொச்சம். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர், அதன் குறுக்களவு 45 சென்டிமீட்டர், பந்து 24-தான். தடுக்க ஆளே கிடையாது. கேட்டால் எல்கேஜி பிள்ளைகூடப் போடும் என்று தோன்றும். ஆனால் நம்ம ஆள் கோட்டில் நிற்கும்போதுதான் கேலரியில் பாதிப் பேர் கடலை வாங்கப் போவார்கள். பார்க்கிற தெம்பு இல்லை.

மாஸ்டரிடம் இதற்கு வைத்தியம் உண்டு. இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, தொடைக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போட வேண்டும். பாட்டி ஷாட். சிரிக்க வேண்டாம். வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது 32 ஃப்ரீ த்ரோவில் 28-ஐ இப்படித்தான் போட்டார். அந்த சீசனில் அவருடைய விகிதம் 61 சதவீதம். பிறகு, இப்படிப் போடுவது பெண்பிள்ளைத்தனமாக இருக்கிறதென்று கூச்சப்பட்டு மேல்கைக்கு மாறினார். வாழ்நாள் கணக்கு 51 சதவீதத்தில் போய் நின்றது. உலகத்திலேயே பலசாலி ஒருவனுக்கு வெட்கம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. பேரனிடம் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். பேரன், தோற்றாலும் பரவாயில்லை, வீடியோவில் விழ முடியாது என்றுவிட்டான்.

திரும்பி ஏறும்போது பேச்சு மலைப் பையன்கள் பக்கம் வரும். அந்த வங்கிச் சட்டையை ஒருநாள் நம்ம மலைப் பையன் ஒருவன் போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சாதகங்களை அடுக்குவோம். டென்வர் அணி தன் ஊர் 5,280 அடி உயரம் என்று தரையிலேயே எழுதி வைத்து வெளியூர்க்காரனுக்கு மூச்சு வாங்க வைக்கிறது; நாம் ஏழாயிரம் அடி. எழுத இடம்தான் இல்லை. பெரியகுளத்தில் காற்றடித்த பந்தை மேலே கொண்டுபோனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் விறைத்துக்கொள்ளும். குளிர் அதில் கொஞ்சத்தைத் தளர்த்தும். கூட்டிக் கழித்தால் விறைப்புதான் மிச்சம், ஆகவே நம்ம பையன்களுக்குப் பந்தை அடக்கும் கை தானாக வரும் என்பது என் சித்தாந்தம். பாதகம் ஒன்றே ஒன்று: சாயங்காலப் பனிமூட்டம். ரிங்கே தெரியாது. “அதுக்கென்ன, பழகிட்டான்” என்றார் பூண்டுக்காரர். “கீழ போனா ரிங் தெரியுது பாருங்க, அங்கதான் தடுமாறுறான்.”

போன சீசனில் ஏரிக்கரையில் புதுமணத் தம்பதி ஒன்று சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஆறரை அடிக்குக் குறையாது. பூண்டுக்காரர் நேராகப் போய் நின்றார், அவர் முகம் மாப்பிள்ளையின் சட்டைப் பைக்கு நேராக இருந்தது.

“தம்பி, பந்து ஆடுவீங்களா?”

“இல்லைங்கண்ணா. கோயம்புத்தூர்ல ஐ.டி. வேலை. இடுப்பு வலி வேற.”

“வலி ரெண்டு மாசத்துல போயிரும், பூண்டு தர்றேன்” என்றவர், கதிரைப் பிடித்திருந்த கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: “மாஸ்டர், இவருக்கும் இடது கை வராது போல.”

கல்யாணப் பெண் கதிர் தின்பதை நிறுத்திவிட்டுக் கணவனின் இடது கையைப் பார்த்தாள்.