துண்டு விரித்த விஞ்ஞானம்

செவ்வாயை ஆராய ஹவாய்க்குத்தான் போக வேண்டும் என்பவர்களைச் சந்தேகப்படாதீர்கள். 2012இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய் மண்ணை அள்ளி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. ஹவாயின் எரிமலை மண்ணைப் போலவே இருப்பதாகச் சேதி வந்தது. சைபீரியாவைப் போல என்று வந்திருந்தால் எத்தனை பேருடைய அறிவுத்தாகம் அன்றே தணிந்திருக்கும்!

ஹவாய்ப் பெருந்தீவின் தென்கோடியில் பாப்பகோலியா என்றொரு கடற்கரை. மணல் பச்சை, ஆலிவின் கனிமத்தின் கைங்கரியம். செவ்வாயிலும் அதே ஆலிவின்தான். இந்த மணலை எடுத்துப் போகச் சட்டம் விடாது. ஆகவே ஆராய்ச்சியாளரே துண்டை விரித்து அதன்மேல் படுத்தாக வேண்டும். குப்புறப் படுத்தால் கனிமவியல். மல்லாந்தால் வானியல். செவ்வாயில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதால், முதுகில் தடவும் சன்ஸ்கிரீனைக் 'கதிர்வீச்சுப் பாதுகாப்பு' என்று பில் போடலாம்.

ஐரோப்பிய விண்வெளி முகமை தன் வீரர்களுக்குப் பாறை பார்க்கப் பழக்குவது ஸ்பெயினின் சுற்றுலாத் தீவான லான்சரோட்டேயில். பாறை அங்கே போய் உட்கார்ந்திருந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம்.

துறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்களும் உண்டு. 2015 ஆகஸ்டில் ஆறு பேர், நாசா பணத்தில், ஹவாயின் மவுனா லோவா எரிமலைச் சரிவில் செவ்வாய் வாழ்க்கைக்கு ஒத்திகையாக ஒரு குமிழ்வீட்டுக்குள் புகுந்தார்கள். ஓராண்டு அடைந்து கிடந்தார்கள். வாசலைத் தாண்டினால் விண்வெளி உடை. வீட்டுக்கு அனுப்பும் செய்தி போய்ச்சேர 20 நிமிடம். அந்த ஓராண்டில் ஒருவரும் கடலில் கால் நனைக்கவில்லை.

இவர்களுக்கெல்லாம் அடுத்த முறை பயணப்படியே தரக் கூடாது.